டைகர் ஹில்லில் ஒரு 19 வயதுச் சிப்பாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 நெருங்கும்போதெல்லாம், 1999இல் பாகிஸ்தானோடு நடந்த அந்தப் போர் பற்றிக் கேள்விகள் வரும். மாணவர்கள் கேட்பார்கள், படையில் சேர நினைக்கும் இளைஞர்கள் கேட்பார்கள், அந்த இளைஞர்களின் அம்மாக்களும் கேட்பார்கள். இளைஞர்களுக்குத் துப்பாக்கியின் பெயர் வேண்டும். அம்மாக்களோ "என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான்?" என்பார்கள். போரைப் புரிந்துகொள்ள அம்மாக்களின் கேள்விகளே அதிகம் உதவும் என்பது என் எண்ணம். ஆகவே இந்தப் பக்கத்தில் அவற்றுக்குத்தான் இடம் அதிகம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவ். 18ஆவது கிரெனேடியர்ஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர், உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சகர் மாவட்டத்துக்காரர். 1980 மே 10 அன்று பிறந்தார். 1999 ஜூலையில் டைகர் ஹில் தாக்குதலில் ஏறியபோது வயது 19. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம் வீர் சக்ராவைப் பெற்றவர்களிலேயே மிக இளையவர்.

தொலைக்காட்சி விவாதங்களில் வரும் அரசியலாளர் யோகேந்திர யாதவ் வேறு, இவர் வேறு. இதையும் அடிக்கடி கேட்கிறார்கள்.

19 வயதில் போர்முனைக்கு அனுப்புவார்களா?

அனுப்புவார்கள், அனுப்பினார்கள். யாதவ் படையில் சேர்ந்தபோது 17 வயதுகூட நிறையவில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கமே. இப்போது அக்னிவீரர் சேர்க்கைக்குக் குறைந்தபட்ச வயது பதினேழரை.

போருக்குப் பின் அரசு அமைத்த கார்கில் ஆய்வுக் குழுவும் இந்த வயது விஷயத்தைத் தொட்டது. அதன் தலைவர் கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர். படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும், சிப்பாயின் 17 ஆண்டுப் பணிக்காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்று குழு சொன்னது. 16,000 அடிக்கு மேல் மூட்டையோடு ஏறி முடித்தபின் சண்டையும் போட வேண்டும் என்றால் எத்தகைய உடல் வேண்டும் என்ற கேள்வியின் விடை அது. அந்த யோசனை பிற்காலத்தில் எப்படியெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்பது தனி வழக்கு. அதை இங்கே இழுக்கவில்லை.

டைகர் ஹில் எவ்வளவு உயரம்? அதில் அப்படி என்ன கஷ்டம்?

5,062 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டிக்குப் போய் அங்கே ஏறி மூச்சு வாங்கியவர்கள், அதைப்போல் இன்னொரு மலையை அதன் தலையில் தூக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்து ஊரான திராஸே சுமார் 3,280 மீட்டரில் இருக்கிறது. வீரர்கள் ஏறத் தொடங்கிய இடமே தொட்டபெட்டாவின் உச்சியைவிட உயரம்.

அந்த உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பத்து அடி வைத்தால் நின்றாக வேண்டும். தலை வலிக்கும், பசி செத்துவிடும், தூக்கம் வராது. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உடனே கீழே இறக்காவிட்டால் எதிரியின் குண்டு படாமலேயே ஆள் இறந்துபோவார். இதற்காகவே ராணுவம் வீரர்களைப் படிப்படியாக உயரத்துக்குப் பழக்குகிறது: 12,000 அடி வரை ஆறு நாள், 15,000 அடி வரை இன்னும் நான்கு நாள், அதற்கு மேலே போக மேலும் நான்கு நாள். 1999 மே மாதம் அவசரமாக வரவழைக்கப்பட்ட பட்டாலியன்களுக்கு இந்த நாட்கள் ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

இன்னொரு கஷ்டம் மலையின் அமைப்பு. அங்கே மரம் கிடையாது. புல்லும் அதிகமில்லை. பாறையும் சரளைக்கல்லும்தான். மேலே கல்லடுக்கிய பதுங்குகுழிக்குள் இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், கீழிருந்து ஏறும் நூறு பேரை அவரால் தடுத்து நிறுத்த முடியும்.

அப்படியானால் ஏன் நேராக ஏறினார்கள்? சுற்றிப் போயிருக்கலாமே?

சுற்றிப் போக வேண்டுமென்றால், காஷ்மீரில் இந்தியப் பகுதியையும் பாகிஸ்தான் வசமுள்ள பகுதியையும் பிரிக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டக்கூடாது என்று அரசு ஆணையிட்டிருந்தது. விமானப்படைக்கும் அதே கட்டுப்பாடு. உலக நாடுகளின் ஆதரவைத் தக்கவைத்துக்கொள்ள அந்த முடிவு உதவியது என்பது உண்மை. அதற்கான விலையைக் காலாட்படைச் சிப்பாய் கொடுத்தார் என்பதும் உண்மை.

குளிர்காலத்தில் இரு தரப்பும் காலி செய்துவிட்டு இறங்கும் காவல்நிலைகளில், பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படையினர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அங்கிருந்து ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துப் பார்த்துப் பீரங்கியால் சுட முடிந்தது. டைகர் ஹில்லும் டோலோலிங்கும் அந்தச் சாலையின் தலைக்கு மேல் நிற்பவை. சாலை போனால் லடாக்குக்கு அரிசியும் போகாது, ஆளும் போகாது.

தாக்குதலுக்கு முன் அந்தச் சிப்பாய் என்ன செய்துகொண்டிருந்தார்?

மூட்டை சுமந்துகொண்டிருந்தார்.

இந்தப் பதில் கேட்பவர்களை ஏமாற்றிவிடுகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். டைகர் ஹில்லுக்கு முன் 18 கிரெனேடியர்ஸ் டோலோலிங் மலையில் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. மேஜர் ராஜேஷ் அதிகாரி, லெப்டினன்ட் கர்னல் ஆர். விஸ்வநாதன் உட்படப் பலரை அங்கே இழந்தது. ஜூன் 13 அன்று 2ஆவது ராஜபுதனா ரைஃபிள்ஸ் வந்து அந்த உச்சியைக் கைப்பற்றியது. மேலே பாறைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்குச் சாப்பாடும் தோட்டாவும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த நாட்களில் தன் வேலை என்று யாதவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விடியலில் கிளம்பினால் மேலே போய்ச் சேரப் பின்னிரவு ஆகிவிடும். சுமையை இறக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும்.

அந்த மலையில் சாலை கிடையாது. கோவேறு கழுதையால் போக முடிகிற எல்லைக்கு அப்பால் எல்லாமே மனித முதுகில்தான். தோட்டா, தண்ணீர், மண்ணெண்ணெய், கயிறு, மோர்ட்டார் குண்டு என்று எது மேலே போனாலும் ஒருவர் சுமந்து போனதுதான். இறங்கும்போது காயம்பட்டவரைச் சுமந்து இறங்க வேண்டும். ஒருவரைக் கீழே கொண்டுவர நான்கைந்து பேர் மாற்றி மாற்றித் தோள் கொடுக்க வேண்டும். மேலே நின்று சுட்டவர் ஒருவர் என்றால், அவரை அங்கே நிற்கவைக்கச் சுமந்தவர்கள் பலர். பதக்கப் பாராட்டுரையில் இந்தக் கணக்கு வராது.

டைகர் ஹில்லுக்குத் தாக்குதல் குழுவினரைத் தேர்ந்தெடுத்தபோது யாதவின் பெயர் அதில் இருந்ததற்கு, சோர்வில்லாமல் ஏறி இறங்கும் அந்தக் கால்களே காரணம் என்பதும் அவர் சொல்லி வந்ததுதான்.

என்ன சாப்பிட்டார்கள்?

கீழே முகாமில் இருந்தவரை சூடான உணவு: ரொட்டி, பருப்பு, டீ. மேலே போனபின் சட்டைப்பைக்குள் அடங்குபவை மட்டும்: பிஸ்கட், உலர்பழம், வறுகடலை, சர்க்கரைப் பாகில் தோய்த்த சக்கர்பாரா. எடையைக் குறைக்க வேண்டி வந்தபோது பல வீரர்கள் உணவைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டாவை அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். பட்டினி கிடந்தால் இரண்டு நாள் தாங்கலாம், தோட்டா தீர்ந்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது என்ற கணக்கு.

தண்ணீர்தான் பெரிய பாடு. சுற்றிலும் பனி இருக்கும், குடிக்க நீர் இருக்காது. பனியை அப்படியே வாயில் போட்டால் தொண்டை புண்ணாகும், உடல் இன்னும் குளிரும். உருக்கலாம் என்றால் அடுப்பு மூட்ட வேண்டும். வெளிச்சமும் புகையும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். குண்டு விழுந்த இடத்தின் பனி கரியோடு கலந்து கறுத்துக் கிடக்கும். மேலே கறுத்ததைத் தள்ளிவிட்டு அடியில் இருந்ததை எடுத்துச் சப்பினார்கள்.

எங்கே தூங்கினார்கள்?

பாறை இடுக்கில், உட்கார்ந்தபடி. படுத்தால் சரிந்துவிடும் இடங்கள்தான் அதிகம். ஜூன் மாதத்திலும் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும் குளிர். ஏறும்போது வியர்த்த சட்டை, உட்கார்ந்த சிறிது நேரத்தில் முதுகிலேயே உறையத் தொடங்கும். பனிக்கால உடையும் காலணியும் எல்லோருக்கும் போதுமானதாக இல்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே படைத் தளபதி ஜெனரல் வி.பி. மாலிக்கிடம் பற்றாக்குறை பற்றிக் கேட்டார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு போரிடுவோம் என்றார் அவர். அந்தப் பதிலை வீரமாகவும் படிக்கலாம், புகாராகவும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

எந்தத் துப்பாக்கி?

பெரும்பாலும் இன்சாஸ், 5.56 மில்லிமீட்டர். அப்போதுதான் படைக்குப் புதிதாக வந்தது. அதன் நெகிழி மேகசின்கள் குளிரில் விரிசல் விட்டன என்ற புகார் பரவலாக எழுந்தது. கமாண்டோக்களைப்போலப் பயிற்சி பெற்ற காதக் பிளாட்டூன்களில் ஏகே-47 அதிகம் புழங்கியது. ஆனால் பதுங்குகுழிச் சண்டையில் வேலை செய்தது கையெறி குண்டுதான். கல்லுக்குப் பின்னால் இருப்பவரைத் தோட்டா தொடாது.

டைகர் ஹில்லில் என்னதான் நடந்தது?

1999 ஜூலை 3 இரவு. நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் அந்த ஒரே மலையின் மீது குண்டு பொழிந்தன. அந்தச் சத்தத்தின் மறைவில் மூன்று பக்கங்களில் மூன்று பட்டாலியன்கள் நகர்ந்தன: 18ஆவது கிரெனேடியர்ஸ், 8ஆவது சீக்கியர், 2ஆவது நாகா. லெப்டினன்ட் பல்வான் சிங் தலைமையிலான 18 கிரெனேடியர்ஸின் காதக் பிளாட்டூனுக்குக் கிடைத்தது, யாரும் ஏற மாட்டார்கள் என்று எதிரி நம்பியிருந்த செங்குத்துப் பாறை. ஏறக்குறைய ஆயிரம் அடி. நம்பிக்கை இருந்த பக்கத்தில் காவல் குறைவாக இருக்கும் என்பதே திட்டம்.

முதலில் ஏறிக் கயிறு கட்டும் வேலையை யாதவ் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பாதி ஏறியபோது மேலிருந்து இயந்திரத் துப்பாக்கியும் ராக்கெட்டும் பாய்ந்தன. உடன் வந்தவர்கள் விழுந்தார்கள். தொடையிடுக்கிலும் தோளிலும் மூன்று குண்டுகள் பட்ட நிலையில், மீதமிருந்த 60 அடியையும் அவர் ஏறினார் என்று பரம் வீர் சக்ரா பாராட்டுரை சொல்கிறது. மேலே ஊர்ந்துபோய் முதல் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டு வீசினார். நான்கு பேர் இறந்தனர். பாதை திறந்தது. பின்னால் வந்தவர்கள் ஏறினார்கள். இரண்டாவது பதுங்குகுழியில் கைகலப்பு. அங்கே மூவர்.

இதற்குப் பின் நடந்ததை யாதவ் தன் வாயால் சொல்வது இன்னும் கடினமான பகுதி. உச்சியை எட்டியவர்கள் ஏழு பேர். எதிர்த்தாக்குதலில் மற்ற அறுவரும் அவர் கண்முன் இறந்தார்கள். எதிரிகள் வந்து, கிடந்த உடல்களில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி சுட்டார்கள். அவர் அசையாமல் கிடந்தார். மார்பை நோக்கி வந்த குண்டைச் சட்டைப்பையில் இருந்த பணப்பையின் ஐந்து ரூபாய் நாணயங்கள் தடுத்தன. அவர்கள் திரும்பி நடந்தபோது மிச்சமிருந்த ஒரு கையெறி குண்டை வீசினார். அதன் பிறகு உடைந்து தொங்கிய கையோடு ஓர் ஓடைச் சரிவில் உருண்டு இறங்கினார். எதிரியின் அடுத்த தாக்குதல் எங்கே வரப்போகிறது என்பதைக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு நினைவிழந்தார்.

உடலில் பட்டவை மூன்று குண்டுகளா, பதினைந்தா?

பாராட்டுரையில் வரும் மூன்று, ஏறும்போது பட்டவை. பிற்காலப் பேட்டிகளில் அவர் சொல்வது பதினைந்து. கிடந்த உடலில் மறுபடி சுட்டதையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடுவதில் வியப்பில்லை. இந்த எண்ணை வைத்து இணையத்தில் ஏலம் விடுவதுபோல் நடக்கும் சண்டை எனக்குப் பிடிப்பதில்லை. மூன்றே என்று வைத்துக்கொள்வோம். மூன்று குண்டுகளோடு 60 அடிப் பாறை ஏறிப் பாருங்கள்.

பயம் இருந்ததா?

இருந்திருக்கும். காலாட்படையினர் பயத்தைப் பற்றிப் பேசும்போது, சாவைவிட மற்றவற்றைத்தான் அதிகம் சொல்வார்கள்: கை மரத்துப்போய்க் கையெறி குண்டின் பின்னை இழுக்க முடியாமல் போகுமோ, இருமல் வந்துவிடுமோ, தன் காலடியில் ஒரு கல் உருண்டு மொத்தக் குழுவையும் காட்டிக்கொடுத்துவிடுமோ. இரவுத் தாக்குதலில் ஒரு கல் உருளும் ஓசை போதும்.

பிறகு ஏன் முன்னேறுகிறார்கள்? ராணுவத்தில் "நாம், நமக், நிஷான்" என்பார்கள்: பெயர், உப்பு, கொடி. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று வளர்ந்த நமக்கு நடுச்சொல் எளிதில் புரியும். ஆனால் நடைமுறையில் சிப்பாயை நகர்த்துவது இன்னும் சின்ன விஷயம். முன்னால் ஏறுபவர் நேற்று தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அவர் ஏறும்போது நாம் மட்டும் கீழே நிற்பது எப்படி?

எதிர்ப்பக்கம் இருந்தவர்கள்?

அவர்களும் சிப்பாய்கள்தான். பாகிஸ்தான் தொடக்கத்தில் இவர்கள் தன் படையினர் அல்ல என்றது. இறந்தவர்கள் பலரின் உடல்களையும் வாங்கிக்கொள்ளவில்லை. இந்திய வீரர்கள் இஸ்லாமிய முறைப்படி அவர்களை அடக்கம் செய்தார்கள்.

டைகர் ஹில்லிலேயே ஒரு நிகழ்வு உண்டு. எதிர்த்தாக்குதலுக்குத் தலைமை தாங்கி வந்த பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் அங்கே கொல்லப்பட்டார். ("கர்னல்" என்பது அவர் பெயரின் பகுதி, பதவியல்ல. இதையும் கேட்கிறார்கள்.) அவர் போரிட்ட விதத்தைப் பார்த்த இந்தியப் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, இவர் தீரமாகப் போரிட்டார் என்று ஒரு சீட்டெழுதி உடலின் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் தன் உயரிய விருதான நிஷான்-எ-ஹைதரை அவருக்கு வழங்கியது.

ஒரே இரவில் மலை கைக்கு வந்துவிட்டதா?

இல்லை. உச்சியில் கால் வைத்தது ஜூலை 4 விடியலில். அன்றே நாடெங்கும் செய்தி போய்விட்டது. அதே நாளில் வாஷிங்டனில் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அமெரிக்க அதிபர் கிளிண்டனைச் சந்தித்துக்கொண்டிருந்தார். ஆனால் மேற்கு முகட்டிலிருந்து எதிர்த்தாக்குதல்கள் தொடர்ந்தன. 8ஆவது சீக்கியர் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் அந்த முகட்டைப் பிடித்துத் தாங்கினார்கள். மலை முழுவதும் வசப்பட்டது ஜூலை 8 அன்று. பிடிப்பது ஒரு இரவு, வைத்திருப்பது நான்கு நாள்.

யாதவுக்கு "மறைவுக்குப் பின்" விருது அறிவித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 18 கிரெனேடியர்ஸில் அதே பெயரில் இன்னொரு சிப்பாய் இருந்தார். அவர் போரில் இறந்துவிட்டார். ஆகஸ்டில் விருதுகள் அறிவிக்கப்பட்டபோது இருவரையும் குழப்பிக்கொண்டார்கள். விருது பெற்றவர் அப்போது மருத்துவமனைக் கட்டிலில் உயிரோடு இருந்தார். 2000 ஜனவரி 26 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனிடமிருந்து பதக்கத்தை நேரில் பெற்றுக்கொண்டார். பிறகும் படையில் தொடர்ந்து, 2021 இறுதியில் கௌரவ கேப்டனாக ஓய்வுபெற்றார்.

கார்கிலில் பரம் வீர் சக்ரா பெற்ற நால்வரில் உயிரோடு வந்தவர்கள் இருவர். மற்றவர் 13ஆவது ஜம்மு–காஷ்மீர் ரைஃபிள்ஸைச் சேர்ந்த ரைஃபிள்மேன் சஞ்சய் குமார். படைக்கு வரும் முன் டெல்லியில் டாக்சி ஓட்டியவர்.

தமிழ்நாட்டிலிருந்து யாரும் அங்கே போரிட்டார்களா?

பலர். பரவலாக அறியப்பட்டவர் திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன். 1ஆவது பிகார் பட்டாலியன். மே 29 அன்று படாலிக் பகுதியில், போரின் தொடக்க நாட்களிலேயே, தாக்குதலை முன்னின்று நடத்தி இறந்தார். வீர் சக்ரா வழங்கப்பட்டது. எதிரியின் துப்பாக்கி எல்லைக்குள் கிடந்த அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. ஒரு மாதம் என்று நான் ஒரு வரியில் எழுதிவிட்டேன். திருச்சியில் ஒரு வீட்டில் அந்த மாதத்தை நாள் நாளாகக் கழித்திருக்கிறார்கள்.

முந்தைய போர்களில் இறந்த சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் முனைக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு நடந்துவிடும். ஊருக்கு உடைமைகள் மட்டும் வரும். உடலைச் சொந்த ஊருக்கே அனுப்பும் வழக்கம் பரவலானது கார்கிலில்தான். தேசியக் கொடி போர்த்திய பெட்டி நம் ஊர்த் தெருவுக்குள் வந்த முதல் போர் அது.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தியத் தரப்பில் அரசுக் கணக்கு 527. காயமடைந்தவர்கள் 1,363. அந்த இரண்டாவது எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த மலையை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

ஏற முடியாது. பார்க்கலாம். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில், சோஜி லா கணவாயைத் தாண்டினால் திராஸ். ஜூன் முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. டோலோலிங் அடிவாரத்தில் போர் நினைவிடம் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் டைகர் ஹில்லின் கூர்முனை தனியாகத் தெரியும். வெயிலிலும் காற்று குத்தும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

இறந்தவர்களின் பெயர்களைப் பட்டாலியன் வாரியாகச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். 18 கிரெனேடியர்ஸ் வரிசையில் சற்று நின்று, விருதுப் பட்டியலில் குழம்பிப்போன அந்த இன்னொரு யாதவின் பெயரைத் தேடிப் பாருங்கள்.